க்வீடோர் முதல் கிலைனி வரை

டொனிகால் கவுன்டிக்கு ரயில் கிடையாது. அயர்லாந்து வரைபடத்தை விரித்தால் வடமேற்கு மூலை முழுவதும் தண்டவாளக் கோடே இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும். ஒரு காலத்தில் மலைகளைச் சுற்றிக்கொண்டு கடலோரம் வரை ஒரு சின்ன ரயில் ஓடியது, 1940-களில் மூடிவிட்டார்கள். ஆகவே டப்ளினிலிருந்து பஸ்தான். அதிலும் ஒரு வேடிக்கை. அயர்லாந்துக் குடியரசின் தலைநகரிலிருந்து அதே குடியரசின் இன்னொரு மூலைக்குப் போக, நடுவில் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்குள் புகுந்து வெளியே வரவேண்டும். சோதனைச் சாவடி இல்லை, முத்திரை குத்துகிறவர் இல்லை. சாலைப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வருகிறது. பெட்ரோல் பங்க்கில் யூரோ போய் பவுண்டு வருகிறது. ஓமா, ஸ்ட்ரபேன் ஊர்களைத் தாண்டி ஓர் ஆற்றுப்பாலம் ஏறி இறங்கினால் மறுபடி கிலோமீட்டர், மறுபடி யூரோ.

நான் போனது என்யா என்ற பாடகியின் ஊரைப் பார்க்க. பெயர் தெரியாதவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையின் முதல் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒலிப்பது அவர் குரல்தான். 2013-இல் வால்வோ நிறுவனம் ஒரு விளம்பரம் எடுத்தது. பின்னோக்கி ஓடும் இரண்டு லாரிகளின் பக்கக் கண்ணாடிகளில் லாரிக்கொரு காலாக ஊன்றி, லாரிகள் விலக விலக நடிகர் வான் டாம் கால்களை அகட்டிக்கொண்டே போவாரே, அதுதான். அதன் பின்னணியில் ஓடும் ‘ஒன்லி டைம்’ என்யாவின் பாட்டு.

உலகம் முழுக்க ஏழரைக் கோடி ஆல்பங்களுக்கு மேல் விற்றவர். அயர்லாந்துக் கலைஞர்களில் அவரைவிட அதிகம் விற்றது யு2 குழு மட்டும்தான். யு2 நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தின் அரங்கங்களையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து சேர்த்த எண்ணிக்கை அது. என்யாவோ தனிப் பாடகியான நாளிலிருந்து ஒரே ஒரு கச்சேரிச் சுற்றுப்பயணம்கூடப் போனதில்லை. பாட்டும் மேடையும் பிரிக்க முடியாத ஒரு நாட்டில் இது எப்படி நடந்தது என்ற கேள்விதான் என்னை அந்த பஸ்ஸில் ஏற்றியது.

லெட்டர்கென்னி டொனிகாலின் பெரிய ஊர். சுற்றுச்சாலை, சூப்பர் மார்க்கெட், மழை. 1970-இல் இங்கே நடந்த நாட்டுப்புற இசைவிழாவில் க்வீடோர் கிராமத்திலிருந்து வந்த ஒரு குடும்பக் குழு பரிசு வாங்கியது. குழுவின் பெயர் க்ளானட். என்யாவின் அண்ணன்மார் இருவர், அக்கா ஒருவர், இரட்டையரான தாய்மாமன்மார் இருவர். பரிசோடு ஒலிப்பதிவு வாய்ப்பும் வந்தது. ஆனால் அவர்கள் பாடியது ஐரிஷ் மொழியில் என்பதால் கம்பெனி தயங்கியது. சொந்த நாட்டில் சொந்த மொழிப் பாட்டு விலைபோகுமா என்று யோசித்த காலம். முதல் ஆல்பம் வெளிவர 1973 ஆனது. அவர்களைவிட இளையவளான என்யாவுக்கு அப்போது 12 வயது.

லெட்டர்கென்னியிலிருந்து மேற்கே போகும் சாலையில் வீடுகள் மெல்லக் குறைந்து, கடைசியில் மரங்களும் இல்லாமல் போகின்றன. இருபுறமும் பழுப்பு நிறச் சதுப்பு நிலம். அந்த மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். புகையின் வாசனை ஊர் வருவதற்கு முன்பே வந்துவிடும். க்ளென்வே தேசியப் பூங்காவைத் தாண்டியதும் எரிகல் மலை தெரிகிறது. 751 மீட்டர்தான், நம் கணக்கில் குன்று. ஆனால் புல்கூட முளைக்காத வெளிர் கற்சரிவாக, கூம்பு வடிவில் தனியே நிற்பதால் இரண்டு மடங்கு உயரமாகத் தோன்றுகிறது. அதன் காலடியில் டன்லூயி ஏரி. ஏரிக்கரை மேட்டில் கூரை போன ஒரு தேவாலயம், சுவர்கள் மட்டும் வெள்ளையும் நீலமுமாக.

இதற்குள் சாலைப் பலகைகளில் ஆங்கிலம் மறைந்துவிட்டிருக்கிறது. அரசு ஐரிஷ் மொழிப் பகுதி என்று வரையறுத்த இடங்களுக்கு கேல்டாக்ட் என்று பெயர். இங்கே ஊர்ப் பெயர்ப் பலகை ஐரிஷில் மட்டும்தான். கையிலிருக்கும் ஆங்கில வரைபடமும் கண்ணெதிரே இருக்கும் பலகையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும். பக்கத்து இருக்கையிலிருந்த பெரியவர், “பயப்படாதீர்கள், டிரைவருக்குத் தெரியும்” என்றார்.

என்யாவின் இயற்பெயர் எத்னா நீ வ்ரினான். பிறந்தது 1961 மே 17. ஒன்பது குழந்தைகளில் ஆறாவது. வீட்டில் பேச்சு ஐரிஷ். அப்பா லியோ பிரென்னன் ‘ஸ்லீவ் ஃபாய்’ என்ற நடன இசைக்குழுவை நடத்தியவர். அந்தக் காலத்து அயர்லாந்தில் இப்படிப்பட்ட குழுக்கள் வேன் ஏறி ஊர் ஊராகப் போய் நடனக் கூடங்களில் விடிய விடிய வாசிக்கும். லியோ அந்த அலைச்சலை நிறுத்திவிட்டு, 1968-இல் மீனலெக் என்ற சிற்றூரில் ஒரு மதுக்கடையை வாங்கினார். லியோஸ் டேவர்ன். குடும்பம்தான் இன்றும் நடத்துகிறது.

வெளியே நின்று பார்த்தால் சாலையோரத்து வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே போனால் சுவர் தெரியாமல் தங்க, பிளாட்டின இசைத்தட்டுகள், புகைப்படங்கள், விருதுகள். லியோ அக்கார்டியனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் பாடச் சொல்லுவாராம். குடிக்க வந்தவன் பாடாமல் போகக்கூடாது என்பது போன்ற ஒரு கடை. 2016-இல் அவர் காலமாகும்வரை ஊரின் முதல் இசைக்கலைஞர் அவர்தான். பிள்ளைகள் உலகப் புகழ் பெற்றது வேறு விஷயம். க்ளானட் தொடங்கியதே இந்தக் கடையின் மூலையில்தான்.

நான் போன மாலையில் ஃபிடில் ஒருவர், புல்லாங்குழல் ஒருவர், கிட்டார் ஒருவர். மேடை என்று தனியாக எதுவும் இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தொடங்க மற்றவர் சேர்ந்துகொள்கிறார்கள். கவுன்டரில் நின்ற இளைஞரிடம், “என்யா இங்கே வருவாரா?” என்று கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் இதைக் கேட்பார்களோ, பாவம். “வந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது” என்று சிரித்துவிட்டு அடுத்தவரின் கிளாஸை நிரப்பப் போய்விட்டார். பதிலில் நயம் இருந்தது, தகவல் இல்லை. அதுவும் சரிதான்.

1980-இல் என்யா க்ளானட்டில் சேர்ந்தார். கீபோர்டும் பின்குரலும். ஐரோப்பாவெங்கும் குழுவோடு சுற்றினார். சுற்றுப்பயணம் என்றால் என்னவென்று தெரியாமல் அதை ஒதுக்கியவர் அல்ல அவர். அப்பா விட்ட வேலையைத் தானும் கொஞ்ச காலம் செய்து பார்த்தவர். குழுவின் மேலாளராகவும் ஒலி வல்லுநராகவும் இருந்தவர் நிக்கி ரையன். குழுவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் அவர் 1982-இல் விலகியபோது, என்யாவும் கூடவே விலகி, நிக்கி-ரோமா தம்பதியின் டப்ளின் வீட்டில் போய்த் தங்கிவிட்டார். அண்ணன், அக்கா, மாமன்மாரை விட்டுவிட்டு மேலாளரோடு போன 21 வயதுப் பெண். குடும்பத்தில் கசப்பு இல்லாமலா இருக்கும்? அதே 1982-இல், வட அயர்லாந்து வன்முறையைப் பற்றிய ‘ஹாரிஸ் கேம்’ என்ற தொலைக்காட்சி நாடகத்துக்கு க்ளானட் பாடிய முகப்புப் பாடல் பிரிட்டிஷ் பட்டியலில் 5-ஆம் இடத்துக்குப் போனது. ஐரிஷ் மொழியில் பாடி அங்கே அந்த உயரத்தைத் தொட்டவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. குழுவுக்கு விடிந்த நேரத்தில் அவர் வெளியேறியிருந்தார்.

மறுநாள் டெரிபெக் தேவாலயத்துக்குப் போனேன். மீனலெக்கிலிருந்து கொஞ்ச தூரம்தான். இப்போதிருக்கும் கட்டடம் 1970-களைச் சேர்ந்தது. பழைய ஆலயத்தின் இடிபாடு பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கிறது. ஓடையின் மேலேயே கட்டியிருந்தார்கள். 1880 ஆகஸ்ட் 15, மாதா திருநாள் பூசையின் நடுவே திடீர் வெள்ளம் புகுந்து ஐந்து பேர் ஆலயத்துக்குள்ளேயே மூழ்கி இறந்தார்கள். ஆலயம் கட்ட நல்ல நிலம் கிடைக்காத ஏழைக் குத்தகைதாரர்களின் ஊராக இது இருந்தது.

என்யாவின் அம்மா இசை ஆசிரியை. எல்லோரும் பாபா என்று கூப்பிடுவார்கள். இந்த ஆலயத்தின் பாடகர் குழுவை நடத்தியவர். பிள்ளைகள் அதில் பாடித்தான் வளர்ந்தார்கள். பிறகு என்யா மில்ஃபோர்டில் கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தார். பியானோ, செவ்வியல் இசை, கொஞ்சம் லத்தீன். நான் ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, முன்னால் சிலர் ஞாயிறு பூசைக்கான பாடல்களைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் குரலும் தனியே எழவில்லை. சொற்கள் கூரைக்குப் போய், திரும்பி, அடுத்த வரியோடு கலந்தன.

எனக்கு அங்கே ஒன்று பிடிபட்டது. என்யாவின் இசைக்கு விளம்பரக்காரர்கள் போட்ட போர்வை எல்லோருக்கும் தெரியும்: கெல்டிக் மூடுபனி, காடு, தேவதைகள், மெழுகுவத்தி. இசைக் கடைகளில் ‘நியூ ஏஜ்’ என்ற அலமாரியில், தியான இசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கிராமி விருதுகள் நான்கும் அந்தப் பிரிவில்தான் கொடுத்தார்கள். உண்மையில் அந்த ஒலியின் மூலம் இன்னும் எளிமையானது: அம்மாவின் கோயில் பாடகர் குழு. லியோவின் கடையில் ஃபிடிலும் புல்லாங்குழலும் என்ன செய்கின்றனவோ அது க்ளானட்டுக்குப் போனது. டெரிபெக்கில் பல குரல் ஒரே குரலாவது மகளுக்கு வந்தது. ஒரே வித்தியாசம், மகளின் குழுவில் எல்லாக் குரல்களும் அவருடையவை.

பன்பெக் கடற்கரையில் மணலில் புதைந்து நிற்கும் பழைய மரக்கப்பலை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். மழை வலுத்துவிட்டது. டப்ளின் பஸ்.

டப்ளினின் வடக்கே ஆர்ட்டேன், நடுத்தர வர்க்கத்துப் புறநகர். ஒரே மாதிரியான செங்கல் வீடுகள், முன்னால் ஒரு கார், பின்னால் சின்னத் தோட்டம். பார்க்க எதுவுமில்லை என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. இப்படி ஒரு வீட்டின் தோட்டத்துக் கொட்டகையில்தான் நிக்கி ரையன் ‘எய்கல்’ என்ற ஒலிப்பதிவு அறையை அமைத்தார். பணத்துக்கு என்யா பியானோ வகுப்பு எடுத்தார். வேலைப் பிரிவினை அப்போதே முடிவாகிவிட்டது, இன்றுவரை மாறவில்லை: என்யா மெட்டமைத்துப் பாடுவார், நிக்கி ஒலியைக் கட்டுவார், ரோமா வரி எழுதுவார். மெட்டுதான் முதலில் வரும். அதற்கு எந்த மொழி பொருந்தும் என்று ரோமா பிறகு பார்ப்பார். ஆங்கிலம், ஐரிஷ், லத்தீன், ஜப்பானியம். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கற்பனை மொழிகளில் என்யா பாடிப் பழகியபின், 2005-இல் வந்த ‘அமரன்டைன்’ ஆல்பத்துக்காகத் தாமே ‘லாக்சியன்’ என்று ஒரு மொழியைப் புனைந்துவிட்டார் ரோமா. ‘என்யா’ என்பதை ஒரு பாடகியின் பெயராக நாம் கேட்கிறோம். நடைமுறையில் அது மூவர் கூட்டு நிறுவனம்.

ஒலியைக் கட்டும் முறையைச் சொல்ல வேண்டும். ஒரு வரியை என்யா பாடுவார். அதன்மேல் மறுபடி அதே வரி, புதிதாக. அதன்மேல் இன்னொன்று, சற்றே வேறு சுருதியில். சுண்ணாம்புப் பூச்சு காயக் காய அடுத்த பூச்சு போடுவதுபோல அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒருமுறை பதிந்ததை இயந்திரத்தில் நகலெடுத்துப் பெருக்குவது எளிது. அதை அவர்கள் செய்வதில்லை. நகலெடுத்த குரல் துல்லியமாகப் பொருந்தி, ஒரே குரலின் உரத்த வடிவமாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடும்போது மயிரிழை அளவு முன்னும் பின்னும் விலகும். அந்த விலகலால்தான் கூட்டமாகக் கேட்கிறது. 1991-இன் ‘ஷெப்பர்ட் மூன்ஸ்’ ஆல்பத்தில் உள்ள ‘ஏஞ்செலஸ்’ பாட்டில் இப்படிச் சுமார் 500 குரல்கள். இதை மேடையில் யார் பாடுவது? அவர் மேடைக்கு வராததற்குக் கூச்சம், மர்மம், தனிமை விரும்பும் குணம் என்று பத்திரிகைகள் பல காரணம் எழுதிவிட்டன. எனக்கு இந்தக் கணக்கே போதும்.

பிபிசி 1985-இல் ‘த கெல்ட்ஸ்’ என்ற ஆவணத் தொடருக்கு இசை கேட்டது. முதலில் ஓர் அத்தியாயத்துக்குத்தான் என்றிருந்தது. கேட்டுவிட்டுத் தொடர் முழுவதையும் கொடுத்தார்கள். அந்த இசை 1987-இல் ஆல்பமாக வந்தது. வார்னர் கம்பெனியின் பிரிட்டிஷ் தலைவர் ராப் டிக்கின்ஸ் அதைக் கேட்டு ஒப்பந்தம் போட்டார். லாபத்துக்காகச் சிலரையும் இசைக்காகச் சிலரையும் ஒப்பந்தம் செய்வதுண்டு, இது இரண்டாவது வகை என்ற பொருளில் அவர் சொன்னதாகச் சொல்வார்கள். கம்பெனி தலையிடாது, அவசரப்படுத்தாது, சுற்றுப்பயணம் கேட்காது. 1988-இல் ‘வாட்டர்மார்க்’ வந்தது. கடைசிக் கட்டப் பதிவு லண்டனின் ஒரினோகோ ஸ்டூடியோவில். அந்தப் பெயரிலேயே ஒரு பாட்டு பிறந்து, ‘ஒரினோகோ ஃப்ளோ’, பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. இசைக்காகச் செய்த ஒப்பந்தம்தான் லாபத்தைக் கொட்டியது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு ஓர் ஆல்பம், ஒவ்வொன்றும் பல லட்சம். 1996-இல் ஃப்யூஜீஸ் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழு அவருடைய ‘போடிசியா’ இசையை அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தி, பிறகு சமரசத்துக்கு வந்தது. 2000-இல் ‘எ டே விதவுட் ரெய்ன்’. அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், இடிபாடுகளைக் காட்டிய அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அதிலிருந்த ‘ஒன்லி டைம்’ பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டன. அது அமெரிக்கப் பட்டியலில் 10-ஆம் இடத்துக்கும் ஆல்பம் 2-ஆம் இடத்துக்கும் ஏறின. பாட்டைத் தனி வெளியீடாக விற்று வந்த பணத்தை இறந்த தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். துக்கத்தில் இருக்கும் நாட்டுக்கு, உரக்கப் பேசாத ஒரு பாட்டு தேவைப்பட்டது. அதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தை என்யாவின் ரசிகர்கள் கவனிப்பதில்லை. 1988-லிருந்து 2002 வரை என்பது குறுந்தகடு கொழித்த காலம். ஒரு தகட்டுக்கு மக்கள் 15 டாலர் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து, விளக்கைக் குறைத்து, முழு ஆல்பத்தையும் கேட்டார்கள். மேடை ஏறாமல் கோடிகள் சம்பாதிக்க அந்த ஒரு பதினைந்து ஆண்டுக் கதவுதான் திறந்திருந்தது. இன்று பாடகர்களுக்குச் சோறு போடுவது கச்சேரிச் சீட்டுதான். இணையத்தில் ஒரு பாட்டை ஒருவர் கேட்டால் கிடைப்பது ஒரு சென்ட்கூட இல்லை. எந்தக் கம்பெனியும் இன்று ஒரு புதுப் பாடகியிடம், “நான்கு வருஷம் எடுத்துக்கொள், ஊர் ஊராகப் போக வேண்டாம்” என்று சொல்லாது. என்யாவின் திறமை பெரிது. காலமும் அவருக்கு நன்றாகவே அமைந்தது.

கிலைனிக்குப் போகும் மின்ரயில் டப்ளினின் தெற்கே கடலை ஒட்டியே ஓடுகிறது. டால்கி நிலையத்தைத் தாண்டி ஒரு சுரங்கம். வெளியே வந்ததும் கீழே வளைகுடா முழுவதும் விரிகிறது. நேப்பிள்ஸ் போலிருக்கிறதென்று சாலைகளுக்கெல்லாம் சொரென்டோ, விக்கோ என்று இத்தாலியப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெயில் இருந்திருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். பணக்காரர்களின் மலை, யு2-வின் போனோ வீடும் இங்கேதான். 1997-இல் என்யா இங்கே விக்டோரியா மகாராணி காலத்துக் கோட்டை வீடு ஒன்றை 25 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, தாஃப்னி து மோரியேயின் ‘ரெபெக்கா’ நாவலில் வரும் மாளிகையின் பெயரைச் சூட்டினார்: மேண்டர்லி. அத்துமீறி நுழைந்தவர்களின் தொல்லைக்குப் பின் மதிலை உயர்த்திவிட்டார்கள். சாலையிலிருந்து மதிலும் மரங்களும், மரங்களுக்கு மேல் கொஞ்சம் கோபுரமும்தான் தெரியும். ரையன் தம்பதியின் வீடும் ஸ்டூடியோவும் இதே கிலைனியில்தான். ஆர்ட்டேன் கொட்டகை இடம் மாறி வசதியாகியிருக்கிறது.

கோட்டையில் தனியாக வாழும் மர்ம ராணி என்று எழுத இதைவிட நல்ல பின்னணி பத்திரிகைக்காரனுக்குக் கிடைக்காது. எழுதியும் தள்ளிவிட்டார்கள். நான் மதிலோரமாக நடந்து, ஒரு கார் வழிகேட்டு ஹாரன் அடிக்க ஒதுங்கி நின்று, ரயில் நிலையத்துக்கு இறங்கிவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டியது மதிலுக்கு உள்ளே இல்லை. நாற்பது ஆண்டுகளாக அதே மூவர் காலையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் வேலை செய்திருக்கிறார்கள். மர்மத்தைவிட இது அரிது. உலக இசையில் இத்தனை நீண்ட, சண்டை போட்டுப் பிரியாத கூட்டணியை விரல்விட்டு எண்ணலாம். கடைசியாக வந்த ஆல்பம் 2015-இன் ‘டார்க் ஸ்கை ஐலண்ட்’. தெருவிளக்கே இல்லாததால் இரவு வானத்தின் இருள் கெடாமல் இருக்கும் சார்க் என்ற சின்னத் தீவிலிருந்து பிறந்த தலைப்பு அது.

போக நினைப்பவர்களுக்கு: க்வீடோருக்குப் பக்கத்தில் காரிக்ஃபின் கடற்கரையில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது, டப்ளினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருந்தாலும் போகும்போதாவது பஸ்ஸில் போங்கள், எரிகல் மலை சாலையிலிருந்து பார்க்க வேண்டியது. லியோஸ் டேவர்னில் வாசிக்கிறவர்களிடம் மட்டும் “ஒரினோகோ ஃப்ளோ தெரியுமா?” என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்கள் இன்னும் சில நூறு பேரைக் கூட்டிவர வேண்டியிருக்கும்.